குழந்தைகளோடு ஒரு கரீபியக் கடற்கரை

விடுமுறைக்குக் கடற்கரை என்றால் வீட்டில் எல்லாருக்கும் குஷிதான். குழந்தைகள் மணலில் புரளலாம். வீட்டுக்காரர் பத்திரிகையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒரு தூக்கம் போடலாம். அம்மா? அவள் ஒரு கையில் துண்டு, மறு கையில் தண்ணீர்ப் பாட்டிலுடன், கண்களை அலைமேல் வைத்துக்கொண்டு நின்றபடியே இருப்பாள். "நீயும் வந்து சித்த உட்காரேன்" என்று கூப்பிடத்தான் செய்வார்கள். இரண்டு வயசுக் குழந்தை தண்ணீருக்குப் பத்தடி தூரத்தில் விளையாடும்போது எந்தத் தாயால் உட்கார முடியும், சொல்லுங்கள்!

அதனால், கடற்கரை விடுமுறைக்குத் திட்டம் போடும் சகோதரிகளுக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். மணல் வெள்ளையா, ஓட்டல் பெரிதா என்பதெல்லாம் அப்புறம். 'அந்தக் கரையில் அம்மா உட்கார முடியுமா?' என்று முதலில் கேளுங்கள்.

என் தங்கை கல்யாணமாகிப் பாரீஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை காரைக்கால்காரர். நாலு வயசுப் பையன், ஒன்பது மாதக் கைக்குழந்தை, சம்பந்தியம்மாள் ஆகியோர் கொண்ட அந்தக் குடும்பத்தோடு நானும் மரி கலாந்த் என்ற தீவில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். வெளிநாட்டில் வாழும் நம் பெண்களுக்கும், மகள் வீட்டுக்கோ தங்கை வீட்டுக்கோ போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கே இருக்கிறது இந்தத் தீவு?

கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் மாலை தொடுத்தாற்போல் சின்னச் சின்னத் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று குவாதலூப். வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த வடிவம். 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டமாகவே ஆகிவிட்டது. நாணயம் யூரோ. பேச்சு பிரெஞ்சும் கிரியோலும்.

குவாதலூப்புக்குத் தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் மரி கலாந்த். 1493-இல் கொலம்பஸ் தம் கப்பலின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார். பரப்பு 158 சதுர கிலோமீட்டர். ஜனங்கள் சுமார் பத்தாயிரம் பேர். உயரமான மலை கிடையாது; மிக உயர்ந்த மேடே 204 மீட்டர்தான். தோசைக்கல்லில் வார்த்த அடை மாதிரி வட்டமாகத் தட்டையாக இருப்பதால் அங்குள்ளவர்களே இதைச் செல்லமாக 'பெரிய அடை' என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி அழைக்கிறார்கள்! உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரும்புத் தோட்டம். ஒரு காலத்தில் நூறு காற்றாலைகள் சுழன்ற தீவு என்று பெயர். மாட்டு வண்டியையும் இன்னும் அவர்கள் மறக்கவில்லை.

பெரிய ஓட்டல்கள், இரவு ஆட்டபாட்டம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு ஏற்ற இடம்.

காற்று எந்தப் பக்கம்?

எங்கள் திட்டம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. தங்கை ஒரு படத்தைக் காட்டினாள். "அக்கா, இதைப் பாருங்களேன், மணல் பாலாட்டம் இருக்கு! இங்கேயே வீடு பார்த்துடலாமா?" என்றாள். மாப்பிள்ளைக்கும் சம்மதம். சம்பந்தியம்மாள் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "காத்து எந்தப் பக்கத்திலேருந்து வரும்?" என்று கேட்டார்.

கடற்கரை ஊரில் பிறந்தவர் அல்லவா! அந்த ஒரு கேள்விதான் எங்கள் விடுமுறையைக் காப்பாற்றியது.

அங்கே ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் காற்று வீசுகிறது. அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டி வரும் காற்று. ஆகவே எந்தத் தீவானாலும் கிழக்குக் கரையில் அலை மோதும், நீரோட்டம் இழுக்கும். மேற்குக் கரைக்குத் தீவே ஒரு மறைப்புச் சுவர். அங்கே கடல் பெரும்பாலும் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். ஓதம் ஏறி இறங்குவதும் அந்தக் கடலில் மிகக் குறைவு. அரை மீட்டர்கூடப் பெரும்பாலும் இராது. காலையில் விரித்த பாயை மாலை வரை நகர்த்த வேண்டியதில்லை.

மரி கலாந்தின் வடமேற்கில் ஆன்ஸ் கனோ, வியூ ஃபோர் என்ற கரைகள் இப்படிப்பட்டவை. ('ஆன்ஸ்' என்றால் சின்ன வளைகுடா.) மேற்கே சென் லூயி ஊர்க்கரையும் சாதுவானதுதான். தென்கிழக்கே கபெஸ்தேர் ஊரருகில் லா ஃபெய்யேர் என்ற அழகான கரை உண்டு. பவளப்பாறை வரிசை ஒன்று அலையைத் தூரத்திலேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆனால் காற்று பலமாக அடிக்கும். பாய்மரப் பலகையில் சவாரி செய்யும் இளவட்டங்களுக்கு அது சொர்க்கம். கைக்குழந்தைக்காரிக்கு மண் பறந்து கண்ணில் விழும் இடம்.

வீட்டு வாசல் எந்தத் திசை என்று பார்த்துப் பார்த்துக் குடிபோகிறவர்கள் நாம். கடற்கரைக்கும் அதையே பாருங்கள்.

எந்த மாதம்?

டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, காற்று இதம். ஆனால் ஐரோப்பாவின் குளிரிலிருந்து தப்பி வருகிறவர்கள் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். டிக்கெட், வாடகை இரண்டும் ஏறிவிடும். அந்த மாதங்களில் வடக்கிலிருந்து பெரிய அலைவரிசை சில நாள் வருவதும் உண்டு. அப்போது சாதுவான மேற்குக் கரையும் முரண்டு பிடிக்கும். அன்றைக்கு மணல் வீடு கட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் பயப்பட வேண்டிய மாதங்கள். 1989 செப்டம்பரில் 'ஹியூகோ' என்ற புயல் குவாதலூப்பைப் புரட்டிப் போட்டது. 2017 செப்டம்பரில் 'மரியா' அந்தப் பக்கமாகப் போனது. கைக்குழந்தையோடு இந்த மூன்று மாதங்களில் போக வேண்டாம்.

சிக்கனம் வேண்டுவோர் மே மாதத்தைப் பார்க்கலாம். கூட்டம் குறைவு. ஆனால் அப்போது இன்னொரு தொல்லை. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி மலைமலையாக மிதந்து வந்து கரீபியக் கரைகளில் ஒதுங்குகிறது. வசந்தத்திலும் கோடையிலும் அதிகம். கரையில் கிடந்து அழுகினால் அழுகல் முட்டை வாடை! அந்த வாயு கர்ப்பிணிகளுக்கும், பச்சைக் குழந்தைகளுக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கும் ஆகாது. இதுவும் பெரும்பாலும் ஒதுங்குவது கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில்தான். சம்பந்தியம்மாளின் கேள்வி இங்கேயும் உதவுகிறது, பாருங்கள்.

வீடு பேசும்போது

ஓட்டலைவிட, சமையலறையோடு கூடிய சின்ன வாடகை வீடு குழந்தைக்காரர்களுக்குச் சௌகரியம். முன்பணம் கட்டுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்.

தண்ணீர்த் தொட்டி உண்டா? குவாதலூப்பில் குழாய்த் தண்ணீர் நின்றுபோவது அடிக்கடி நடப்பது. மாற்றுத் தொட்டி இல்லாத வீட்டில் மணலும் உப்புமாக வரும் இரண்டு குழந்தைகளை எப்படிக் குளிப்பாட்டுவது?

கொசு வலை உண்டா? கடற்கரைக்கு எவ்வளவு தூரம்? நடுவில் பெரிய சாலை உண்டா? மருத்துவமனைக்குக் கார்ப் பயணம் எத்தனை நிமிஷம்? மரி கலாந்தில் ஆஸ்பத்திரி இருப்பது கிராண் பூர் என்ற ஊரில். அவசரத்துக்கு 15 என்று போன் செய்தால் ஆம்புலன்ஸ், 18 தீயணைப்புப் படை, 112 பொது எண். சமையலறைக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. சமையலறை இருக்கிறது என்றால் சமைப்பது யார்? வீட்டில் செய்ததையே அங்கேயும் மூன்று வேளை செய்வதற்கா அவ்வளவு பணம் செலவு செய்துகொண்டு போகிறோம்? புறப்படுமுன்பே பேசிவிடுங்கள். காலைப் பலகாரம் மாப்பிள்ளை பொறுப்பு; மத்தியானம் நானும் தங்கையும் ஒரே சாதம், ஒரே குழம்பு; ராத்திரி ரொட்டியும் பழமும். பாத்திரம் கழுவுவது ஆண்பிள்ளை. இப்படி எங்கள் வீட்டில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தோம். முதல் நாள் சிரித்தார்கள். மறுநாள் வழக்கமாகிவிட்டது.

மரத்தடி எல்லாம் நிழல் ஆகாது

இதைக் கண்டிப்பாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கரீபியக் கரைகளில் மான்சினீல் என்று ஒரு மரம். பளபளவென்று சின்ன இலை. பச்சையும் மஞ்சளுமாகக் குட்டி ஆப்பிள் போலக் காய். வாசனைகூட இனிப்பாக இருக்கும். ஆனால் அத்தனையும் விஷம்! காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்து வீங்கும். கிளையை ஒடித்தால் வரும் பால் பட்ட இடம் கொப்புளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலை வழியே சொட்டும் தண்ணீரே தோலைப் புண்ணாக்கும். விறகாக எரித்தால் புகை கண்ணைக் கெடுக்கும்.

பிச்சாவரத்தில் தில்லை மரம் பார்த்திருப்பீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகுக்காரர் எச்சரிப்பார். இரண்டும் ஒரே குடும்பம்தான்.

பல இடங்களில் மான்சினீல் மரத்தில் சிவப்புப் பட்டை அடித்தோ, பலகை மாட்டியோ வைத்திருப்பார்கள். ஆனால் எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது. கரையில் கிடக்கும் எந்தக் காயையும் தொடக் கூடாது என்று குழந்தைகளுக்குப் பழக்குங்கள். பால் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவி, டாக்டரிடம் போக வேண்டும்.

தென்னை நிழலும் வேண்டாம். காய் எப்போது விழும் என்று யார் கண்டது? நமக்குத் தெரிந்த நாட்டு வாதுமை மரம் அங்கேயும் உண்டு. கடல் திராட்சை என்று வட்ட வட்ட இலையோடு ஒரு மரம் தாழ்ந்து படர்ந்திருக்கும். இவற்றின் அடியில் தாராளமாகப் பாய் விரிக்கலாம்.

'பார்க்கும் முறை'

எல்லாக் கரையிலும் உயிர்காக்கும் காவலர் இருக்க மாட்டார். இல்லை என்றே எண்ணிக்கொண்டு போவது நல்லது. அலை இல்லாத கடல் என்றாலும் குழந்தைக்கு முழங்கால் அளவு நீரே போதும், ஆபத்துக்கு. மூழ்கும் குழந்தை சினிமாவில் காட்டுகிறாற்போல் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும். நாலு பெரியவர்கள் கரையில் இருந்தும், 'அவர் பார்க்கிறார்', 'இவள் பார்க்கிறாள்' என்று ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு, கடைசியில் யாருமே பார்க்காமல் போவதுதான் பெரிய ஆபத்து.

அதனால் முறை வையுங்கள். அரைமணிக்கு ஒருவர். முறைக்காரர் தலையில் ஒரு குறிப்பிட்ட தொப்பி. அந்தத் தொப்பி இருக்கும்வரை பேச்சில்லை, போன் இல்லை, புத்தகம் இல்லை, கண் குழந்தைகள்மேல். சின்னக் குழந்தை தண்ணீரில் இருந்தால் கைக்கு எட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். எழுந்து போவதானால் அடுத்தவர் தலையில் தொப்பியை வைத்துவிட்டு, "இனி உங்கள் முறை" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

தொப்பி மாப்பிள்ளை தலைக்குப் போன அந்த அரைமணிகளில்தான் என் தங்கை, குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக, காலை நீட்டி உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். "அக்கா, எனக்குக் கையை என்ன பண்றதுன்னே தெரியலை" என்றாள் பாவம்!

இன்னும் சில குறிப்புகள். காற்றடைத்த வளையம் விளையாட்டுச் சாமான்தான். உயிர் காக்கும் என்று நம்பக் கூடாது. நீச்சல் தெரியாத பெரியவர்கள் இடுப்புக்குமேல் இறங்க வேண்டாம். புடவை, துப்பட்டாவோடு இறங்கினால் நனைந்து காலைச் சுற்றும். கடற்புல் இருக்கும் இடத்தில் முள்ளெலி போன்ற கடல்முள்ளி ஒளிந்திருக்கும். ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்கக் கூடாது. நீரோட்டம் இழுத்துவிட்டால் எதிர்த்துப் போராடாமல், மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும்.

வெயிலும் கொசுவும்

அந்தத் தீவு 16-ஆம் பாகையில் இருக்கிறது. நம் சென்னை 13-இல். வெயில் நம்ம ஊர் வெயில்தான். காற்று வீசுவதால் சூடு தெரியாது. தோல் மட்டும் வெந்துவிடும். காலை பத்து மணிக்குள்ளும், மாலை நாலு மணிக்கு மேலும் கடற்கரை. நடுவில் சாப்பாடு, தூக்கம். சீக்கிரம் இருட்டிவிடும், டிசம்பரில் ஐந்தரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் காட்டவே வேண்டாம். நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையும்தான் அதற்குப் பாதுகாப்பு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். நீங்களும் நிறையத் தண்ணீர் குடியுங்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து கைப்பையில் இருக்கட்டும்.

கொசு பகலிலேயே கடிக்கும் ஜாதி. டெங்கு உண்டு. 2013 கடைசியில் சிக்குன்குன்யா கரீபியத்துக்கு வந்து பரவியது. 2016-இல் குவாதலூப்பில் ஸிக்கா காய்ச்சல் பரவியது. ஸிக்கா வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கர்ப்பமாக இருப்பவர்களும், அதற்குத் திட்டமிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். வியூ ஃபோர் பக்கம் கரைக்குப் பின்னால் அலையாத்திக் காடு இருப்பதால் சாயங்காலம் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சியும் கடிக்கும். பொழுது சாயும் முன் வீடு திரும்பிவிடுங்கள்.

சந்தையில் நம் காய்கறி!

சந்தைக்குப் போனால் சௌசௌ, பரங்கி, வெண்டை, வாழைக்காய், சேப்பங்கிழங்கு இனத்துக் கிழங்குகள், சீமைப் பலா எல்லாம் குவிந்திருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பச்சைத் துவரைகூட! மிளகாய் மட்டும் பார்த்து. குண்டு மிளகாய் ஒன்று போட்டால் ஒரு பானைக் குழம்புக்குப் போதும். மரவள்ளி மாவில் தட்டிய அடையும், கரும்புச் சாற்றைக் காய்ச்சிய பாகும் மரி கலாந்தின் விசேஷம். பாகைத் தொட்டுக்கொண்டு அடையைத் தின்ற எங்கள் பையன் மற்ற எதையும் கேட்கவில்லை. சைவர்கள் 'அக்ரா' என்ற போண்டாவை வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உப்பிட்ட மீன் சேர்த்திருப்பார்கள். காய்கறியில் செய்வதும் உண்டு.

கொத்துமல்லி, சீரகம், கடுகு, மஞ்சள், வெந்தயம் எல்லாம் சேர்த்து அரைத்த ஒரு பொடி எல்லாக் கடையிலும் இருக்கும். பெயர் 'கொலோம்போ'. நம் 'குழம்பு'தான் அப்படி ஆயிற்று என்கிறவர்களும் உண்டு. இலங்கையின் கொழும்பு நகரத்தின் பெயர் என்கிறவர்களும் உண்டு.

அந்தப் பொடி அங்கே போன கதை நம் கதை. 1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். முதல் கப்பல் 'ஒரேலி', 1854 டிசம்பர் 24-இல் குவாதலூப் வந்தது. 1889 வரை இந்தியாவிலிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். குடியுரிமைகூட இல்லாமல் இருந்த அவர்களுடைய வம்சத்தாருக்காக ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-இல் போராட்டம் தொடங்கி 1923-இல் வெற்றி கண்டார். பெரிய தீவில் கபெஸ்தேர் பெலோ என்ற ஊரின் அருகே, ஷான்ழி என்ற இடத்தில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் விசேஷ நாளில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயரே 'மெட்ராஸ்'!

சம்பந்தியம்மாள் அந்தக் கோவில் வாசலில் வெகு நேரம் நின்றார். "எங்க ஊர்லேருந்து கப்பலேறினவங்களிலே எத்தனை பேர் கையிலே குழந்தை இருந்திருக்கும்?" என்றார். எங்களில் யாருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

புறப்படும் முன்

இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. பாரீஸ் போய், அங்கிருந்து எட்டு, ஒன்பது மணி நேரம் பறந்து புவாந்தா பீத்ர் நகரில் இறங்க வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுங்கள்; காது வலிக்காது. அங்கிருந்து மரி கலாந்துக்குப் படகில் ஒரு மணி நேரம். நடுவில் கடல் குலுக்கும். வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏறாமல், படகின் பின்பக்கம் கீழ்த்தட்டில் உட்காருங்கள். கடைசிப் படகு போய்விட்டால் இரவு தங்க ஓர் இடம் முன்னதாகவே பார்த்து வையுங்கள்.

விசாவில் கவனம் தேவை. பாரீஸ் போவதற்கு வாங்கிய விசா மட்டும் இந்தத் தீவுகளுக்குப் போதாது. விண்ணப்பிக்கும்போதே தீவின் பெயரையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

தீவில் கார் இல்லாமல் சிரமம். வண்டி சாலையின் வலப்புறம் ஓடும். பத்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி வேண்டும்; காரோடு சேர்த்தே சொல்லி வையுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், செடி எதுவும் எடுத்துப் போகாதீர்கள், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். கடைகள் மத்தியானம் மூடுவதும், ஞாயிற்றுக்கிழமை சாத்திக் கிடப்பதும் வழக்கம். எனவே குழந்தைக்கு வேண்டிய பால் பவுடரும் காய்ச்சல் மருந்தும் சனிக்கிழமையே கையில் இருக்க வேண்டும்.

ஊர் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே பெரிய தீவுக்கு வந்துவிடுங்கள். காற்று பலத்தால் படகு நிற்கலாம். கிடைக்கும் அந்த ஒரு நாளில் புவாந்தா பீத்ர் சந்தையில் ஜாதிக்காய், பட்டை, வெனிலா வாங்கலாம்; மாரியம்மனையும் தரிசிக்கலாம்.

மறக்காமல் அந்தத் தொப்பியை முதலில் பெட்டியில் வையுங்கள். சுகமாகப் போய் வாருங்கள், சகோதரிகளே!